மலை இல்லாத ஊரிலிருந்து மலைக்கு: செட்டிநாட்டில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏறிப் பழகுகிறோம். கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அதிகாலை பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் தொடங்கிப் பக்கத்து இருக்கைக்காரர் வரை எல்லோரும் ஏதாவது கேட்கிறார்கள். பிள்ளைகளின் பெற்றோர் வீட்டுக்கே வந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ஏறுவதைப் பற்றி ஆயிரம் கேட்பவர்கள் இறங்குவதைப் பற்றிக் கேட்பதே இல்லை. அதனால் கேட்காத இடத்திலும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

நம்முடையது பொட்டல் காடு. இங்கே இருந்துகொண்டு மலையேற்றம் கற்க முடியுமா?

முடியும். பனிமலை நம்மிடம் இல்லை, பாறை இருக்கிறது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று தெற்கே தொடங்கி, வடக்கே திருமயம், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள். தட்டையான செம்மண் நிலத்தில் திடீரென்று ஒரு மொட்டைப் பாறை எழுந்து நிற்கும். மேற்கே சிங்கம்புணரிப் பக்கம் போனால் பிரான்மலை. பாரி வள்ளலின் பறம்பு மலை என்று போற்றப்படுவது அதுதான். இரண்டாயிரம் அடிக்கு மேல் உயரம்.

இந்தப் பாறைகள் பூமிக்கடியில் பெரும் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானவை. மேலிருந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, பாரம் குறைந்த பாறை வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியத் தொடங்கியது. அதனால்தான் நம் குன்றுகள் யானை முதுகு போல வழவழப்பாக வளைந்திருக்கின்றன. பிடித்து ஏற விளிம்புகள் குறைவு, பாதத்தை நம்பித்தான் ஏற வேண்டும். கற்றுக்கொள்பவருக்கு இது நல்லது. கைப்பலத்தைக் காட்டி ஏமாற்ற வழியில்லை.

டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனத்தின் மாணவர்கள் முதலில் பழகுவதும் சாலையோரத்து 'டென்சிங் பாறை'யில்தான். எவரெஸ்ட்டுக்குப் போகிறவரும் வீட்டளவு கல்லில்தான் தொடங்குகிறார்.

பாறை ஏற்றம், மலையேற்றம், டிரெக்கிங் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. டிரெக்கிங் என்பது பாதையில் நடப்பது. பாறை ஏற்றத்தில் கையும் காலும் சேர்ந்து வேலை செய்யும், விழுந்தால் பிடிக்கக் கயிறு இருக்கும். மலையேற்றத்தில் இவை இரண்டோடு பனி, பனிப்பாறை, குளிர், மெல்லிய காற்று, பல நாள் முகாம் எல்லாம் சேரும். பாறை ஏற்றம் இப்போது ஒலிம்பிக் விளையாட்டும்கூட. 2021இல் நடந்த டோக்கியோ போட்டிகளில் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் வேகப் போட்டிக்கான சுவரின் உயரம் 15 மீட்டர், ஏறக்குறைய ஐந்து மாடி.

திருமயம் கோட்டைப் பாறையிலும் சித்தன்னவாசலிலும் கயிறு கட்டி ஏறலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இரண்டு இடங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாது. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். சரிந்த பாறையில் கால் வைக்க வெட்டப்பட்ட படிக்குழிகளால் அந்த இடத்துக்கு அப்பெயர். அவற்றைக் கடந்துபோய்த்தான் சமணத் துறவிகள் அங்கே கல்படுக்கையில் தங்கித் தவம் செய்தார்கள். படுக்கை ஒன்றில் தமிழின் மிகப் பழைய வரிவடிவமான தமிழி எழுத்து இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமையான எழுத்துக்கு அருகே துளையிட்டு ஆணி இறக்குவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அங்கே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் போல நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோயில் குன்றுகளுக்கும் இதேதான். குன்றக்குடியில் படி இருக்கிறது, படியேறி முருகனைக் கும்பிட்டு வரலாம். 'கடவுள் குடியிருந்தால் ஏறக்கூடாதா?' என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். 1955 மே மாதம் ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறினார்கள். 8,586 மீட்டர், உலகின் மூன்றாவது உயரம். ஆனால் உச்சியின் கடைசிச் சில அடிகளை அவர்கள் மிதிக்கவில்லை. அந்தச் சிகரம் சிக்கிம் மக்களுக்குப் புனிதமானது என்பதால், கொடுத்த வாக்குப்படி நின்றுவிட்டார்கள். பிறகு போனவர்கள் பலரும் அப்படியே நின்றார்கள். அதனால் அவர்கள் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் எங்கேதான் பழகுவது?

முதலில் யார் நிலம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டா நிலத்துப் பாறை என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். ஊர்ப் பொதுப் பாறை என்றால் ஊராட்சியிலும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்ல வேண்டும். பல பாறைகளின் அடியில் ஒரு முனியோ கருப்பரோ இருப்பார், செருப்போடு போகக்கூடாத எல்லை ஒன்று இருக்கும். கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் போனால் அடுத்த முறை யாரையும் விடமாட்டார்கள். நாங்கள் பழகும் பாறையின் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம், உரிமையாளர் கேட்டுக்கொண்டார்.

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் அடி வைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அதற்குப் பிறகே விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் போகலாம். நடைப்பயிற்சிக்கு அது போதும்.

முறையாகப் பாறை ஏற விரும்புகிறவர்கள் கர்நாடகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பெங்களூருக்கு அருகே ராமநகரம், வடக்கே ஹம்பி ஆகிய இடங்களில் நம்மூர் போன்ற கருங்கல். பாதாமியில் சிவந்த மணற்பாறை. மழை பெய்த மறுநாள் மணற்பாறையில் ஏறக்கூடாது. ஈரத்தில் அதன் பிடிப்பு விளிம்புகள் உடையும்.

கோயில் திருப்பணியில் சாரம் கட்டுகிற கயிறு உறுதியாகத்தானே இருக்கிறது? கிணற்று நைலான் கயிறு போதாதா? ஏன் இவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டும்?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இதற்குத் தவறான பதில் தெரிந்தவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

கயிறு அறுந்துபோவதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். அறாமல் இருந்தாலும் ஆபத்துதான். நான்கு மீட்டர் விழுந்த உடம்பை நீளவே நீளாத கயிறு ஒரே வெட்டில் நிறுத்தினால் இடுப்பும் முதுகெலும்பும் என்ன ஆகும்? பாறை ஏறுவோர் பயன்படுத்தும் 'டைனமிக்' கயிறு விழும்போது ரப்பரைப் போல நீண்டு, அந்த வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் சோதனையில், ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்தும் வகைக்கு 80 கிலோ எடையைக் கட்டிக் கடுமையான முறையில் விழவிடுவார்கள். முதல் வீழ்ச்சியில் தாக்கும் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது (ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய நூறு கிலோ எடை தொங்கும் விசை), கயிறு குறைந்தது ஐந்து வீழ்ச்சிகளைத் தாங்க வேண்டும். கிணற்றுக் கயிறு வாளிக்காகச் செய்தது. அதை யாரும் இப்படிச் சோதித்ததில்லை.

இன்னொரு வகை உண்டு, அதிகம் நீளாத 'ஸ்டாட்டிக்' கயிறு. இறங்கவும் மீட்புப் பணிக்கும் அது நல்லது. முன்னால் ஏறிப் போகிறவரின் இடுப்பில் கட்ட மட்டும் அது ஆகாது. கடைக்காரருக்கே சில சமயம் வேறுபாடு தெரிவதில்லை. நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

காரபினர் என்னும் கொக்கி வளையத்தின் முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். நீளவாக்கில் இழுத்தால் இருபதுக்கும் மேற்பட்ட கிலோநியூட்டன் தாங்குவது, குறுக்குவாக்கில் ஏழெட்டுதான் தாங்கும். வாய் திறந்திருந்தாலும் அப்படித்தான் பலம் குறையும். எனவே வாங்கியதோடு வேலை முடியவில்லை, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். எண் இல்லாத வளையம் சாவிக்கொத்துக்குத்தான்.

பழைய கயிற்றை இரவல் வாங்காதீர்கள். அது எத்தனை முறை வீழ்ச்சியைத் தாங்கியது, வெயிலில் எவ்வளவு கிடந்தது, பேட்டரி அமிலம் பட்டதா என்று கயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டிக்குள்ளேயே கிடந்த கயிற்றைக்கூடப் பத்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் ஏறலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாறையில் பச்சைப் பாசி படியும், இடியும் சேரும். திறந்த பாறை உச்சியில் இடி நேரத்தில் நிற்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. சித்திரை, வைகாசியில் பாறை பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவு நெடுநேரம் சூட்டைக் கக்கும். அந்த மாதங்களில் நாங்கள் பாறைப் பக்கமே போவதில்லை. நல்ல மாதத்திலும் விடியும்போது பாறையடியில் இருக்க வேண்டும், ஒன்பது மணிக்குக் கீழே இருக்க வேண்டும்.

வழவழப்பான பாறையில் கால் வழுக்காமல் எப்படி நிற்பது?

பயந்தவர் செய்யும் முதல் காரியம் பாறையோடு ஒட்டிப் படுப்பது. ஒட்டப் படுத்தால் எடை பாதத்திலிருந்து விலகிவிடும், வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், குதிகாலைத் தாழ்த்துங்கள், பெருவிரல் பக்கத்துப் பாதத்தில் முழு எடையையும் இறக்குங்கள். சிறு அடியாக வையுங்கள்.

நம்மூர்ப் பனையேறிகளைக் கவனித்திருக்கிறீர்களா? தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறும்போது அவர்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவதில்லை. கால்தான் உடம்பைத் தூக்கும், கை நிலையாக வைத்துக்கொள்ளும். எனக்கு இந்தப் பாடத்தை முதலில் புரியவைத்தது ஒரு பனையேறிதான், பயிற்சியாளர் அல்ல.

ஏறும் முன் பாறையைக் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். உறுதியான பாறை சத்தம் கொடுக்காது. உரிந்து நிற்கும் பட்டை காலிப் பானை போல ஒலிக்கும். அதைப் பிடித்து இழுத்தால் அதுவும் நீங்களும் சேர்ந்து வருவீர்கள்.

ஏறிவிட்டேன், இறங்க முடியவில்லை. இப்படி ஆனால் என்ன செய்வது?

எனக்கே ஆகியிருக்கிறது. இருபத்திரண்டு வயதில், ஒரு சித்திரை மாதம், இரண்டு நண்பர்களோடு பிரான்மலைக்குப் போனேன். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு பாட்டில் தண்ணீர். கிளம்பும்போதே மணி ஒன்பது. மேலே போய்ச் சேர்ந்தோம், ஊர்களும் கண்மாய்களும் கீழே விரிந்து கிடந்ததைப் பார்த்து மகிழ்ந்தோம். இறங்கும்போது பாதை சுற்றுகிறதே என்று நான் மட்டும் ஒரு பாறைச் சரிவில் குறுக்கே இறங்கினேன். பாதித் தூரத்தில் சரிவு செங்குத்தாகிவிட்டது. கீழே கால் வைக்க இடமில்லை. கை வைத்த இடம் சுட்டது. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, 'தம்பி, கீழே பார்க்காதே! வந்த வழியே மேலே ஏறு, மேலே ஏறு' என்று கத்திக்கொண்டே இருந்தார். இருபது அடி திரும்ப ஏற எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால்தான் புரிந்தது. ஏறும்போது கண் முன்னே போகிறது, கை தொடுகிறது, பிறகு கால் வருகிறது. இறங்கும்போது குருட்டுக் கால் முதலில் போகிறது. எனவே ஏற முடிந்த இடத்தில் எல்லாம் இறங்க முடியாது. மாட்டிக்கொண்டால், வந்த வழி கண்ணுக்குத் தெரிகிறவரை அதிலேயே திரும்புவதுதான் பாதுகாப்பு. அதுவும் முடியாவிட்டால் அசையாமல் இருந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்களோடு பழக வருகிறவர்களை முதல் மாதம் ஆளுயரத்துக்கு மேல் ஏறவிடுவதில்லை. ஏறிய ஒவ்வொரு அடியையும் இறங்கிக் காட்ட வேண்டும். குதிக்கக் கூடாது. சிலர் சலித்துப்போய் நின்றுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை.

கயிற்றில் இறங்கும்போதும் ஒன்று: கயிற்றின் இரண்டு நுனிகளிலும் முடிச்சுப் போடுங்கள். கயிறு தரையைத் தொடவில்லை என்பது தெரியாமல் நுனி வழியே நழுவி விழுந்தவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. ஒரு முடிச்சுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

தேன்கூடு இருந்தால்?

திரும்பி வந்துவிடுங்கள். பாறைத் தாழ்வாரத்தில் தொங்கும் ஒற்றை அடுக்குப் பெரிய கூடு மலைத்தேனீயுடையது, கூட்டமாகத் துரத்திக் கொட்டும். கயிற்றில் தொங்குகிறவரால் ஓட முடியாது. வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வராதீர்கள், பாறையடியில் புகை போடாதீர்கள். தரையில் இருக்கும்போது துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், நின்று கையை வீசாதீர்கள். கொடுக்குகளை உடனே சுரண்டி எடுங்கள். நிறையக் கொட்டியிருந்தாலோ மூச்சுத் திணறினாலோ நேரே மருத்துவமனைக்கு.

என் மகள் இதற்கு வர வேண்டும் என்கிறாள். பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது, அண்ணே?

பள்ளத்தூரிலிருந்து ஒரு தாயார் கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். 2023இல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முத்தமிழ்ச்செல்வி விருதுநகர் மாவட்டத்துக்காரர், தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். நம்மைப் போலவே வெயில் காட்டில் பிறந்தவர். 1984இல் பச்சேந்திரி பால் ஏறினார், இந்தியப் பெண்களில் முதல்வர். உலகப் பெண்களில் முதல்வரான ஜப்பானின் ஜுங்கோ தபெய் 1975இல் ஏறியபோது அவருக்குச் சின்னஞ்சிறு மகள் இருந்தாள். உச்சிக்குப் போவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் பனிச்சரிவு அவர் கூடாரத்தை மூடியது. தோண்டி எடுத்தார்கள், எழுந்து நடந்தார்.

பாறையில் பெண்பிள்ளைகள் தொடக்கத்தில் பையன்களைவிட நன்றாகவே ஏறுகிறார்கள் என்பது நான் பார்த்தது. கைப்பலத்தை நம்பாமல் காலை நம்புகிறார்கள். உங்கள் கவலை நியாயமானது, அதனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: யார் கற்றுக்கொடுக்கிறார்கள், அவர்கள் எங்கே கற்றார்கள், குழுவில் வேறு பெண்கள் உண்டா, தலைக்கவசம் இருக்கிறதா, முதலுதவி தெரிந்தவர் யார், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? கேட்டதற்கு முகம் சுளிக்கிற பயிற்சியாளரிடம் அனுப்பாதீர்கள். முதல் நாள் நீங்களும் கூடவே வந்து உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தாயார் வந்தார். இப்போது மகளுக்குக் கயிறு பிடிப்பதே அவர்தான்.

முறையான பயிற்சியும் சான்றிதழும் எங்கே கிடைக்கும்?

டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம், மணாலியிலும் பஹல்காமிலும் உள்ள நிறுவனங்கள். எவரெஸ்ட்டில் 1953இல் ஹிலாரியோடு ஏறிய டென்சிங்தான் டார்ஜிலிங் நிறுவனத்தின் களப் பயிற்சிக்கு முதல் இயக்குநர். அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கும்: பாறை, பனி, பனிப்பாறை மூன்றிலும் பழக்குவார்கள். அரசு ஆதரவில் நடப்பவை என்பதால் கட்டணம் தனியார் பயணங்களைவிடக் குறைவு. இடம் கிடைக்கப் பல மாதம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சியில் 'ஏ' தரம் வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சிக்குச் சேர்ப்பார்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருப்பவர்களுக்கு அதன் வழியாகவே இந்தப் பயிற்சிகளுக்குப் போகும் வாய்ப்பு உண்டு. அழகப்பர் கல்லூரிகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

இமயமலையில் மூச்சு முட்டுமாமே?

முட்டும். காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லை. ஏறக்குறைய 5,500 மீட்டரில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிதான், 8,849 மீட்டர் எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, ஆனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் அளவு குறைகிறது. உடம்பு இதற்குப் பழகும், பழகுவதற்கு நாள் கொடுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் அங்கேயே நில்லுங்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, படுத்திருக்கும்போதும் மூச்சு இரைத்தாலோ இரவானாலும் இறக்கிவிட வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கத் தொடங்கியதன் அடையாளம் அது, சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். மாத்திரைகள் உண்டு, மருத்துவரைக் கேட்டே எடுங்கள். இறங்குவதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை.

உடற்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் முதல் பயிற்சியில் 3,800 மீட்டர் முகாமில் குழுவிலேயே வேகமாக நடந்தவன் நான்தான். அந்த இரவே வாந்தியெடுத்துக் கிடந்தேன். காலையில் பயிற்றுநர் என்னைக் கீழே அனுப்பினார். அழுதேன். மறு ஆண்டு போனபோது வேண்டுமென்றே கடைசி ஆளாக நடந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

மலை இல்லாத இடத்தில் உடம்பை எப்படித் தயார் செய்வது?

ஊருணிக் கரையும் கண்மாய்க் கரையும் இருக்கின்றன, நடங்கள். முதுகுப் பையில் மூன்று கிலோவில் தொடங்கிப் பத்து கிலோவரை கூட்டுங்கள். மணல் வேண்டாம், தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். முழங்கால் வலித்தால் ஊற்றிவிட்டு நடக்கலாம். படி ஏறுவதைப் போலவே இறங்குவதையும் பழகுங்கள், தொடைத் தசை கிழிவது போல வலிப்பது இறங்கும்போதுதான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிற பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். காவடியைச் சுமந்துகொண்டு நாள் கணக்கில் நடக்கும் நகரத்தார் பாதயாத்திரைக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. கொப்புளம் வருவதற்கு முன் கால் எந்த இடத்தில் சூடாகும், விடியலுக்கு எவ்வளவு முன்னால் கிளம்ப வேண்டும், எப்போது நிழலில் ஒதுங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பாதியை நான் பயிற்சி முகாமில் நான்கு வாரம் செலவழித்துக் கற்றேன்.

சாப்பிட என்ன எடுத்துப் போகலாம்?

கடலை உருண்டை, பொருள்விளங்கா உருண்டை, உப்புச் சேர்த்த மோர். இனிப்பும் உப்பும் இரண்டும் வேண்டும். சீடை வேண்டாம், வாய் உலர்ந்திருக்கும்போது விழுங்க முடியாது.

தம்பி எவரெஸ்ட்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறான். என்ன சொல்வது?

போகட்டும், பத்து ஆண்டு கழித்து. நேபாள அரசின் அனுமதிக் கட்டணமே வசந்த காலத்துக்கு 15,000 டாலர். ஷெர்பா, ஆக்சிஜன், உணவு எல்லாம் அதற்கு மேல். கடன் வாங்கிப் போகிறவரால் உச்சிக்கு நூறு மீட்டர் இருக்கும்போது திரும்ப முடிவதில்லை என்பதே என் பெரிய அச்சம்.

1996 மே மாதம் யோரான் கிராப் என்ற சுவீடன்காரர், ஊரிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்து, ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறினார். உச்சிக்கு நூறு மீட்டர் இருந்தபோது நேரமாகிவிட்டதென்று திரும்பிவிட்டார். சில நாளில், மே 10, 11 தேதிகளில், வேறு குழுக்களைச் சேர்ந்த எட்டுப் பேர் அதே மலையில் புயலில் இறந்தார்கள். திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் ஏறிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் உண்டு. கிராப் அதே மாதம் 23ஆம் தேதி உச்சியில் நின்றார். தம்பியிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நூறு மீட்டரில் திரும்புவேன் என்று அவன் மனப்பூர்வமாகச் சொல்லும்போது என்னிடம் அனுப்புங்கள்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. தொடங்கலாமா?

மருத்துவரிடம் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஜப்பானின் யூயிச்சிரோ மியூரா 2013இல் எண்பது வயதில் எவரெஸ்ட் ஏறினார். அவரை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை, ஆளுயரப் பாறைக்கு ஐம்பத்தாறு அதிகமில்லை. எங்கள் குழுவில் மூத்தவருக்கு அறுபத்தொன்று.

யாராவது விழுந்துவிட்டால்?

முதலில் நீங்களும் விழாமல் பாருங்கள். பதறி ஓடி இரண்டாவது ஆளும் விழுவது நடக்கிறது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108ஐ அழையுங்கள். அழைக்கும்போது 'பாறைக்கிட்டே' என்று சொன்னால் ஆம்புலன்ஸுக்குப் புரியாது, எந்தச் சாலையில் எந்த ஊர் விலக்கு என்று சொல்லி அங்கே ஒருவரை நிறுத்துங்கள். கயிற்றிலேயே மயங்கித் தொங்குகிறவரை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் இறக்க வேண்டும். இடுப்புப் பட்டையில் அசைவின்றித் தொங்குவதே உயிருக்கு ஆபத்து.

முதல் ஞாயிறு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழங்காலை மூடும் பழைய கால்சட்டை, நகம் வெட்டிய விரல்கள். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி வீட்டில் இருக்கட்டும். கயிறு, தலைக்கவசம், இடுப்புப் பட்டை எங்களிடம் உண்டு. காலணி வாங்க அவசரப்படாதீர்கள், முதல் மாதம் வெறுங்காலிலேயே பாறை பழகட்டும். திரும்பும் நேரத்தை வீட்டில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். பெரியார் சிலையடியில் நாலே முக்காலுக்கு நிற்போம், ஐந்து மணி பஸ்ஸுக்கு.